நோட்டக்கா நிறுத்திய டேக்

"சார், ஒரு நிமிஷம்."

இந்த மூன்று வார்த்தையைக் கேட்டால் அந்த ஸ்டுடியோவில் பாதிப் பேர் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நோட்டக்கா வாயைத் திறந்துவிட்டாள், இனி எடுத்ததை மறுபடி எடுக்கவேண்டும். யாருடைய கம்மலோ மாறியிருக்கும், யாருடைய சட்டைப் பொத்தானோ கூடுதலாக ஒன்று போட்டிருக்கும். ஆளையே மாற்றி நிறுத்தினால்கூடச் சிலருக்குத் தெரியாது. அவளுக்கு விளக்குத் திரி அரை அங்குலம் குறைந்தாலும் தெரியும்.

அவள் பார்த்த வேலைக்குக் கண்டினியூட்டி என்று பெயர். சொல்லும்போது பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும், செய்யும்போது ஊர்வம்பு மாதிரி இருக்கும். ஒரே காட்சியைத் துண்டு துண்டாக எடுப்பார்கள். காலையில் அப்பா நடிகர் வலது கையில் காப்பிக் கோப்பை பிடித்திருந்தால் சாப்பாட்டுக்கு அப்புறமும் வலது கையில்தான் பிடிக்கவேண்டும், காப்பியும் அதே அளவில் இருக்கவேண்டும். இதையெல்லாம் பார்த்து, போனில் படம் எடுத்து, நோட்டில் எழுதி வைக்கவேண்டும். எப்போதும் கையில் நோட்டோடு அலைந்ததால் நோட்டக்கா ஆனாள். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும் இருந்தது.

அப்போது எடுத்துக்கொண்டிருந்தது 'கூட்டிக் கழிச்சா குடும்பம்' என்ற சிரிப்புத் தொடர். மனைவியை இழந்த ஒருவர், கணவனை இழந்த ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறார். அவருக்குப் பிள்ளைகள், அவளுக்குப் பிள்ளைகள், ஒரே ஒரு குளியலறை. கேட்கவேண்டுமா! வாரம் ஒரு தடவை இருநூறு பேரைப் பார்வையாளர் காலரியில் உட்காரவைத்து, அவர்கள் சிரிக்கிற சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டிவியில் வரும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நோட்டக்கா வீட்டிலும் அதே கதைதான். அங்கே சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அந்தத் தொடருக்கு வீடு, மாடிப்படி, கதவு எல்லாம் செய்துகொடுத்த செட்டுத் தச்சரைத்தான் அவள் ஒன்றரை வருஷத்துக்கு முன் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர். உளியைக் கையில் எடுத்தால் மயிரிழை பிசகாது, வாயைத் திறந்தால் எல்லாம் பிசகும். அவருக்கு முதல் தாரத்துப் பெண் ஒருத்தி, பதினைந்து வயது, பெரியவள். நோட்டக்கா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது அவள் பெற்ற ஏழு வயது வாலு. அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அதனோடு ஐந்து நிமிஷம் இருந்தால் தெரிந்துவிடும்.

பெரியவள் முரட்டுப் பெண் இல்லை. எதிர்த்துப் பேசமாட்டாள், தட்டைத் தூக்கி எறியமாட்டாள். சித்தி என்றும் கூப்பிடமாட்டாள். "இந்தாங்க", "பாருங்க", "கேஸ் தீர்ந்துபோச்சு", அவ்வளவுதான். வாலுவை மட்டும் முதல் வாரமே தன் கட்டிலில் படுக்கவைத்துக்கொண்டாள்.

நோட்டக்கா அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்று ஒரு காரியம் செய்தாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. சமையலறை அலமாரி, குளியலறை மாடம், ஜன்னல் விளிம்பு, செருப்பு ஸ்டாண்டு என்று நாற்பத்திரண்டு படம் எடுத்துக்கொண்டாள். அம்மா வைத்துவிட்டுப்போன வீடு, அந்தப் பெண்ணுக்கு ஒரு கரண்டிகூட இடம் மாறியதாகத் தெரியக்கூடாது என்று நினைத்தாள். பாத்திரம் கழுவினால் படத்தைப் பார்த்து அந்தந்த இடத்திலேயே வைத்தாள். சுவரில் சாய்ந்திருந்த தோசைக்கல்லை அதே சாய்வில் சாய்த்தாள். பழைய காலண்டரைக் கழற்றாமல் சுற்றித் தூசி தட்டினாள். தன் சாமான்களைப் பிரிக்கவே இல்லை, நான்கு அட்டைப்பெட்டிகளாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இதற்குமேல் எப்படி அன்பாக இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு பேரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தொடரில் வரும் பெண்ணிடம் பக்கத்து வீட்டுக்காரி, "புது அம்மா எப்படி?" என்று கேட்டாள்.

"எனக்கு அம்மா இருந்தாங்க. அந்த வேலை காலி இல்ல" என்றது அந்தப் பெண்.

இருநூறு பேரும் சிரித்தார்கள். வாலுவும் சிரித்தது. தச்சர் சிரிக்க வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டார்.

பெரியவள் எழுந்து டிவியை அணைத்தாள். "அது நான் சொன்னது. உங்க கல்யாணத்தன்னைக்கு, சமையக்கட்டுல வெச்சு நான் சொன்னது."

"கண்ணு, நான் யாருகிட்டயும்..." என்று நோட்டக்கா ஆரம்பித்தாள்.

"ஜன்னல் பக்கம் நின்னு சாப்பிடறது, வாலுவுக்குப் பேன் பாக்கறது, நான் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி மூணு வரைக்கும் எண்ணறது. எல்லாம் வந்தாச்சு. நானும் ஆறு வாரமா பாத்துட்டுதான் இருக்கேன். யாரு குடுக்கறான்னு தெரியாம இருந்துச்சு. நேத்து வாலு விளையாடறதுக்கு உங்க போனைக் குடுத்தீங்களே, அதுல பாத்தேன். எங்க வீட்டுல ஒரு மூலை பாக்கியில்லாம படம் எடுத்து வெச்சிருக்கீங்க."

"ஐயோ, அது சீரியலுக்கு இல்ல! உனக்காக எடுத்தது. எதுவும் இடம் மாறிடக்கூடாதுன்னு..."

"அதேதான் நானும் கேக்கறேன்." பெரியவள் விடவில்லை. "ஒன்றரை வருஷமா இந்த வீட்டுல ஒரு கரண்டி நகரல. உங்க சாமான் இன்னும் பெட்டியிலயே இருக்கு. நீங்க இங்க குடியிருக்கீங்களா, இல்ல ஷூட்டிங் வந்திருக்கீங்களா? என்னைக்கோ பேக்-அப் சொல்லிட்டுக் கிளம்பறதுக்குத்தான் இப்படி வெச்சிருக்கீங்களா?"

ஊரில் இருக்கிற தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறவளுக்கு இது கண்ணில் படவே இல்லை.

"நான் பெரியம்மா வீட்டுக்குப் போறேன். பேசிட்டேன். அங்கயே ஸ்கூல்ல சேத்துக்கறாங்களாம்" என்றாள் பெரியவள். "வெள்ளிக்கிழமை கிளம்பறேன். ஸ்டுடியோ வாசல்லதானே பஸ்? ஷூட்டிங்கையும் பாத்துட்டே போறேன். இன்னும் என்னென்ன வித்திருக்கீங்கன்னு தெரிய வேணாமா?"

அறைக்கதவு சாத்திக்கொண்டது. சாத்துவதற்கு முன்னால் மூன்று வரை எண்ணவில்லை.

ஷூட்டிங்கில் அந்தக் காட்சிகளை எழுதும்போதெல்லாம் எல்லா வீட்டிலும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருந்த நோட்டக்கா, மெதுவாகத் திரும்பித் தச்சரைப் பார்த்தாள். அவர் டிவி மேஜையின் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷமாக ஆடாத கால் அது.

"ஏங்க."

"ம்."

"நீங்கதானா?"

"டீ குடிக்கறப்ப நம்ம சீரியல் ரைட்டர், 'என்னண்ணே, வீட்டுல எப்படிப் போகுது'ன்னு கேட்டான். ஒரு மனுஷன் அக்கறையா கேக்கறானேன்னு ரெண்டு வார்த்தை சொன்னேன்."

"ரெண்டு வார்த்தையா? ஆறு எபிசோடு வந்திருக்கு!"

"டீ தினமும் குடிக்கறோமில்ல" என்றார் தச்சர் பரிதாபமாக.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் எழுந்துபோய்ச் சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "பாப்பா, சொன்னது அப்பாதாம்மா. அவ மேல தப்பில்ல" என்றார்.

"சொன்னது நீங்க, போட்டோ எடுத்தது அவங்க. நல்ல ஜோடி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

புதன், வியாழன் இரண்டு நாளும் அந்த வீட்டில் பேச்சே இல்லை. வாலு மட்டும் அறைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்து செய்தி கொண்டுவந்தது. "அக்கா நீலச் சட்டை எடுத்து வெச்சுட்டா." "அக்கா பரீட்சைப் பேப்பரெல்லாம் எடுத்து வெச்சுட்டா." "அக்கா அழல, சும்மா மூக்கு உறிஞ்சறா." ஒவ்வொன்றும் நோட்டக்காவின் நெஞ்சில் இறங்கியது. சமாதானம் சொல்ல நினைத்துக் கதவுவரை போனாள், என்ன சொல்வது என்று தெரியாமல் திரும்பினாள். அவளுக்கு அந்தப் பெண் வேண்டும். பெரியவள் போய்விட்டால், யாருக்காக எல்லாவற்றையும் பொத்திப் பொத்தி வைத்தாளோ அந்த ஆளே வீட்டில் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஸ்டுடியோ என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அது பழைய சாமான் கிடங்கு, மேலே தகரக்கூரை. மழை கொட்டினால் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவேண்டியதுதான். காலரியில் இருநூறு பேருக்கும் பிஸ்கட் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். ஈரக் குடையும் விளக்குச் சூடும் சேர்ந்து உள்ளே ஒரே புழுக்கம். மூன்றாவது வரிசையில் பெரியவள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாலு, தன் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அக்காவுடையதைத் தின்றுகொண்டிருந்தது. தச்சர் செட்டில் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். மழை ஈரத்தில் அது பிடித்துக்கொண்டது.

மத்தியானம் ரைட்டர் புதுப் பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைய எபிசோடின் கடைசிக் காட்சி. தொடரில் வரும் பெண்ணுக்குக் காய்ச்சல். சித்தி ராத்திரி முழுக்க விழித்துப் பார்த்துக்கொள்கிறாள், காலையில் சூப் கொண்டுவருகிறாள். பெண் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அம்மா!" என்று கதறுகிறாள். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். சுபம்.

நோட்டக்கா அதை இரண்டு தடவை படித்தாள். "தம்பி, இது வேணாம்."

"நல்லாத்தானே இருக்கு? டைரக்டருக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுக்கா."

"நல்லாதான் இருக்கு. அந்தப் பொண்ணு இப்படிச் செய்யமாட்டா."

"போங்கக்கா, அது நான் எழுதற பொண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் நழுவிவிட்டார்.

நான்கு மணிக்கு மழை விட்டது. ஒலிப்பதிவுக்காரர் கட்டைவிரலைத் தூக்கினார். டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அங்கே இடி என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை, அவருக்குத் தெரியாமலும் இல்லை. டேக்கை நடுவில் நிறுத்திய ஒரு லைட்மேனை அவன் நின்ற ஏணியிலிருந்து அப்படியே வேலையைவிட்டு அனுப்பியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

"ஆக்‌ஷன்!"

சித்தி நடிகை கிண்ணத்தோடு வந்தாள். மகள் நடிகை போர்வையை விலக்கினாள், கண்ணில் நீரைக் கொண்டுவந்தாள். நோட்டக்கா வழக்கம்போலக் கிண்ணம் எந்தக் கையில் என்று எழுதினாள். எழுதிவிட்டுக் காலரியைப் பார்த்தாள். பெரியவள் நடிகர்களைப் பார்க்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுதான் உங்களுக்கு வேணுமா, இதைத்தான் என்கிட்ட எதிர்பார்த்தீங்களா என்று அந்த முகம் கேட்டது.

மகள் நடிகை கையை விரித்தாள். "அம்..."

"சார், ஒரு நிமிஷம்!"

இருநூறு பேரும் திரும்பினார்கள். இடி எழுந்தார். "என்ன? கம்மலா? முடியா?"

"இல்ல சார்." நோட்டக்கா ஓர் அடி முன்னால் வந்தாள். நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு அம்மான்னு கூப்பிடமாட்டா. கண்டினியூட்டி தப்பு."

"என்னது?"

"ஆறாவது எபிசோடுல கதவைச் சாத்தினா. ஏழுல ஜன்னல்கிட்ட நின்னு தனியா சாப்பிட்டா. பதினொண்ணுல அந்த வேலை காலி இல்லன்னு சொன்னா. எல்லாம் இதுல இருக்கு சார். அப்படிப்பட்ட பொண்ணு ஒரு சூப்புக்கு மனசு மாறிட்டான்னா, இத்தனை நாள் அவ சொன்னதெல்லாம் சும்மான்னு ஆயிடும். அது சும்மா இல்ல. அவளுக்கு அம்மா இருந்தாங்க."

"உன் வேலை கப்பு, கம்மல், கைக்குட்டை. மனசுக்கெல்லாம் யாரு உன்னைக் கண்டினியூட்டி பாக்கச் சொன்னா?"

"கம்மல் மாறினா எனக்கு மட்டும்தான் தெரியும் சார். இது மாறினா பாக்கற அத்தனை பேருக்கும் தெரியும்."

தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இடியின் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து ரைட்டர் இரண்டு அடி பின்னால் போனார்.

"சரி, பெரிய ஞானி! கூப்பிடமாட்டான்னா வேற என்னதான் செய்வா? சொல்லு, எடுக்கறேன். சொல்லத் தெரியலன்னா நோட்டை வெச்சுட்டு வெளிய போயிடு."

நோட்டக்கா நோட்டை மூடினாள். அந்தப் பெண் என்ன செய்யமாட்டாள் என்று தெரியும். என்ன செய்வாள் என்பது தெரியாமலில்லை, தெரியும். ஆனால் அது பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டுக்குள் நடந்தது. தச்சர்கூட அன்று ஊரில் இல்லை. செத்தாலும் அதை இவள் வாயால் இங்கே சொல்லமாட்டாள். நோட்டைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தாள்.

"உப்பு இல்லன்னு சொல்லுவா."

குரல் காலரியிலிருந்து வந்தது. மூன்றாவது வரிசையில் பெரியவள் பையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"யாரும்மா அது?" என்றார் இடி.

"கட்டிக்கல்லாம் மாட்டா சார். சூப்பை ஒரு வாய் குடிச்சுட்டு, 'உப்பே இல்ல'ன்னு சொல்லுவா. சொல்லிட்டு மொத்தத்தையும் குடிப்பா. கிண்ணத்தைச் சாய்ச்சுக் கடைசிச் சொட்டு வரைக்கும். அப்புறம் கிண்ணத்தை நீட்டி, 'இன்னும் இருக்கா?'ன்னு கேப்பா."

"அவங்க?" என்று சித்தி நடிகை தன்னை மறந்து கேட்டாள்.

"அவங்க பேசாம போய் ஊத்திட்டு வருவாங்க. உப்பு போடாம. ஏன்னா, அவ கேட்டது உப்பை இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார், அவர் பக்கத்தில் இருந்த பெண் சிரித்தாள். அப்புறம் காலரி முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் மூக்கையும் துடைத்துக்கொண்டார்கள். இடி அந்தச் சிரிப்பைத் தலையைச் சாய்த்துக் கேட்டார். முப்பது வருஷமாகச் சிரிப்பை விற்கிற மனிதர், காசு கொடுத்து வாங்கிய சிரிப்பு எது, தானாக வந்தது எது என்று அவருக்குத் தெரியாதா?

"கிண்ணத்தை ரொப்புங்கடா" என்றார்.

ஒரே டேக். மகள் நடிகை ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்து, "உப்பே இல்ல" என்றாள். மடமடவென்று குடித்தாள். கிண்ணத்தை நீட்டி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்றாள். சித்தி நடிகை கிண்ணத்தை வாங்கினாள். அவளுக்கு எழுதித் தராத ஒரு சிரிப்பு முகத்தில் வந்தது. இடி கட் சொல்ல மறந்துபோனார். காலரி எழுந்து நின்று கைதட்டியது, தகரக்கூரை அதிர்ந்தது, ஒலிப்பதிவுக்காரர் சிரித்துக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டார். தச்சர் விசில் அடித்தார். அவருக்கு விசில் வரும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

இடி நோட்டை எடுத்து நோட்டக்கா கையில் கொடுத்தார். "நாளைக்கு வராதே."

அவள் முகம் செத்துவிட்டது.

"நாளைக்கு லீவு. திங்கக்கிழமை வா. இனி ஸ்கிரிப்டை முதல்ல நீ படி, அப்புறம் நான் படிக்கறேன்."

பெரியவள் அதற்குள் இறங்கிவந்து ரைட்டரைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக் கதை வேணும்னா எங்கிட்ட கேளுங்க. வேணாங்கறதை வேணாம்னு சொல்லுவேன். அப்பாகிட்ட கேக்காதீங்க, அவர் எல்லாத்தையும் தப்பாதான் சொல்லுவார்." ரைட்டர் இருநூறு பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டாள்.

நான்கு பேரும் வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் ஒரே கூட்டம், காலரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பெரியம்மா ஊருக்குப் போகிற பஸ் வந்து நின்றது. நோட்டக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். போகாதே என்று சொல்லலாமா? சொன்னால் இன்னொரு "அம்மா" காட்சி மாதிரி ஆகிவிடுமோ? கடைசியில் மனதில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"நாளைக்கு என் பெட்டியைப் பிரிக்கப்போறேன். நீ இருந்தாலும் பிரிப்பேன், இல்லாட்டியும் பிரிப்பேன். நான் எங்கயும் போகமாட்டேன். நீ இருந்தா எனக்கு நல்லா இருக்கும். ரொம்ப நல்லா இருக்கும்."

அந்த பஸ் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பெரியவள் ஏறவில்லை, சேறு தெறிக்காமல் வாலுவை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டாள். போன் அடித்தது.

"ஆமா பெரியம்மா... இல்ல, ஏறல... பஸ்ஸை விடல, நான்தான் ஏறல... யாரும் அழுது தடுக்கல, அதெல்லாம் சீரியல்லதான்... சாப்பாடா? சுமாராதான் சமைப்பாங்க... இல்ல பெரியம்மா, சண்டை தீரல, பாதிதான் தீர்ந்திருக்கு. மீதியை வீட்டுல போய்தான் போடணும்... லீவுக்கு வரேன். இவங்களையும் கூட்டிட்டு வரேன்."

தெருமுனையில் வீட்டுப் பக்கம் போகிற பஸ் திரும்பியது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு நகர்ந்தது.

"பெரியம்மா, வெக்கறேன். பஸ் வந்துருச்சு. நாலு பேருக்கு இடம் பிடிக்கணும்."

சொல்லிக்கொண்டே ஓடினாள். பஸ் நிற்பதற்குள் தன் பையைத் தலைக்குமேல் தூக்கி, திறந்திருந்த ஜன்னல் வழியாக உள்ளே வீசினாள். நீலச் சட்டையும் பரீட்சைப் பேப்பரும் மூன்று நாள் மூக்கு உறிஞ்சலுமாகக் கட்டிய பை, நீள சீட்டில் போய் விழுந்தது.

"ஏய் வாலு, ஓடி வா! அப்பா, நீங்க பின்னாடி ஏறுங்க! அந்த சீட்டு நம்மளுது, யாரையும் உக்கார விடாதீங்க!" கூட்டத்துக்கு நடுவில் திரும்பி, நோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு மலைத்து நின்றவளைப் பார்த்துக் கத்தினாள். "நீங்க என்ன பாத்துட்டு நிக்கறீங்க? சீக்கிரம் வாங்க, ஜன்னலோரம் உங்களுக்கு!"

நோட்டக்கா சிரித்துக்கொண்டே, முழங்கையால் இடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் பாய்ந்தாள்.